நாணயத்தில் முகம், நிலத்தில் பெயரில்லை: சகாகவியாவும் நம் தோட்டத்துத் தாய்மார்களும்



கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களே! இன்று தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்களே! உங்களிடம் ஓர் அமெரிக்கச் செவ்விந்தியப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு ஏன் அந்தக் கதை என்று கேட்காதீர்கள். படித்து முடித்ததும், அது உங்கள் பாட்டியின் கதையா, அந்நியப் பெண்ணின் கதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு டாலர் நாணயம் வெளியிட்டது. அதில் ஓர் இளம்பெண்ணின் முகம். முதுகில் கட்டிய துணியில் தூங்கும் குழந்தை. அவள் பெயர் சகாகவியா. ஷோஷோனி இனத்தின் லெம்ஹி பிரிவைச் சேர்ந்தவள். நாடு கண்டறியப் போன வெள்ளையர் குழுவுக்கு வழிகாட்டியவள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஊருக்கு ஊர் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

நல்லது. ஆனால் அவளுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்கள்? நிலம் எத்தனை ஏக்கர் கொடுத்தார்கள்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். பாட்டாளி வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன கேட்பார்கள்?

பிடித்துக்கொண்டு போகப்பட்ட சிறுமி

ஏறத்தாழ 1788-இல் பிறந்தவள் அவள். இன்றைய ஐடஹோ மாநில மலைப்பகுதிதான் அவளது மண். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஹிடாட்சா என்ற வேறோர் இனத்தார் அவள் கூட்டத்தைத் தாக்கிச் சிறுமியைச் சிறைபிடித்தார்கள். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், இன்றைய வடக்கு டக்கோட்டாவில் உள்ள கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தூசான் ஷார்பனோ என்ற பிரெஞ்சுக் கனடிய வியாபாரி அவளைத் தன் மனைவிகளில் ஒருத்தியாக்கிக்கொண்டான். விலைக்கு வாங்கினான் என்பார்கள், சூதாட்டத்தில் வென்றான் என்பார்கள். எதுவாயிருந்தாலும் அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

1803-இல் அமெரிக்கா, பிரான்சிடமிருந்து லூயிசியானா என்ற பெரும் நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மண்ணில் காலங்காலமாய் வாழ்ந்த மக்களை இந்த வியாபாரத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய நிலத்தையும் அதற்கு அப்பால் பசிபிக் கடல் வரையிலும் பார்த்துவர ஜனாதிபதி ஜெஃபர்சன் ஒரு படைக்குழுவை அனுப்பினார். லூயிஸ், கிளார்க் என்ற இரு அதிகாரிகள் தலைமை தாங்கினார்கள்.

1804-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தக் குழு ஹிடாட்சா கிராமங்களுக்கு அருகே முகாம் போட்டது. மலையைக் கடக்கக் குதிரை வேண்டும். குதிரை வைத்திருப்பவர்கள் ஷோஷோனிகள். அவர்கள் மொழி தெரிந்தவள் சகாகவியா. அவளுக்காகத்தான் ஷார்பனோவை மொழிபெயர்ப்பாளனாக வேலைக்கு எடுத்தார்கள். வேலை அவளுடையது, சம்பளச் சீட்டு அவன் பெயரில்!

1805 பிப்ரவரி 11-இல் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏப்ரல் 7-இல் குழு புறப்பட்டது. குழந்தைக்கு வயது 55 நாள். பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட குழுவில் ஒரே பெண்ணாக நடந்தாள். விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிய வலியோடு நிரைக்கு ஓடிய நம் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

அவள் செய்தது என்ன?

வழி முழுவதும் காட்டியவள் அவளே என்பது பிற்காலத்தில் ஊதிப் பெருக்கிய கதை. அவள் சிறுவயதில் அறிந்த பகுதிகளில்தான் வழி சொன்னாள். 1806-இல் திரும்பும்போது கிளார்க்கின் பிரிவுக்கு, இன்று போஸ்மன் கணவாய் எனப்படும் வழியைக் காட்டினாள். ஆனால் அவள் உண்மையில் செய்தவை இந்தக் கட்டுக்கதையைவிடப் பெரியவை.

1805 மே மாதம் சூறைக்காற்றில் ஒரு படகு சாய்ந்தது. படகோட்டத் தெரியாத ஷார்பனோ அலறிக்கொண்டிருந்தான். அவளோ தண்ணீரில் மிதந்துபோன கருவிகளையும் மருந்துகளையும் ஏடுகளையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்து எடுத்தாள். உண்ணத்தக்க கிழங்குகளைத் தோண்டித் தந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் கூட வந்ததால், இது போருக்கு வந்த கூட்டம் அல்ல என்று எதிரே வந்த இனத்தார் நம்பினார்கள். அவளும் குழந்தையும் அந்தக் குழுவுக்கு நடமாடும் பாதுகாப்புச் சீட்டாக இருந்தார்கள்.

1805 ஆகஸ்டில் ஷோஷோனிகளைச் சந்தித்தபோது, அவர்களின் தலைவன் கமேயாவெயிட் அவளுடைய சொந்தச் சகோதரன் என்று தெரியவந்தது. அழுதுகொண்டே அவனைக் கட்டிக்கொண்டாள், அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். அவள் ஷோஷோனியிலிருந்து ஹிடாட்சாவுக்கு, ஷார்பனோ ஹிடாட்சாவிலிருந்து பிரெஞ்சுக்கு, இன்னொருவர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அவள். அப்படிப் பேசித்தான் குதிரைகள் கிடைத்தன. குதிரைகள் இல்லையென்றால் அந்தப் பயணம் மலையடிவாரத்திலேயே முடிந்திருக்கும்.

குழு கடற்கரையை அடைந்த பிறகு, கரை ஒதுங்கிய திமிங்கலத்தைப் பார்க்க ஆட்கள் புறப்பட்டார்கள். அவளை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் நடந்து வந்த தனக்குக் கடலைப் பார்க்கவும் உரிமையில்லையா என்று அவள் வாதாடினாள். வாதாடிப் போய்ப் பார்த்தாள். வாய் திறந்து கேட்ட இடத்தில்தான் அவளுக்குக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

பயணம் முடிந்தது. கூலி பட்டுவாடா நடந்தது.

லூயிசுக்கும் கிளார்க்குக்கும் ஆளுக்கு 1,600 ஏக்கர் நிலம். படைவீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கரும். ஷார்பனோவுக்கு 500 டாலரும் சில்லறையும், 320 ஏக்கர் நிலமும். கிளார்க்கின் அடிமையாகக் கூடவே நடந்து, கூடவே வேட்டையாடி, கூடவே சுமந்த கருப்பின மனிதன் யார்க்குக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்து விடுதலை கேட்டபோதும் கிளார்க் மறுத்தான்.

சகாகவியாவுக்கு? ஒரு காசு இல்லை. ஓர் அடி நிலம் இல்லை.

பிரிந்து சென்ற சில நாளில் கிளார்க் ஷார்பனோவுக்குக் கடிதம் எழுதினான். உன் மனைவியின் உழைப்புக்கு எங்களால் தர முடிந்ததைவிடப் பெரிய சன்மானம் தகும் என்ற பொருளில் எழுதினான். தர முடியவில்லையாம்! தனக்கு 1,600 ஏக்கர் தர முடிந்த அரசாங்கத்துக்கு, அவளுக்கு ஓர் ஏக்கர் தர முடியவில்லையாம்! நன்றி சொல்வதற்குக் காசு செலவாகாது. அதனால்தான் முதலாளிமார் எப்போதும் நன்றியைத் தாராளமாகச் சொல்கிறார்கள்.

1812 டிசம்பர் 20-இல் மிசூரி ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் அவள் காய்ச்சலில் இறந்தாள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. வயது இருபத்தைந்து இருக்கலாம். அன்று அங்கிருந்த கிராணி தன் குறிப்பேட்டில், ஷார்பனோவின் மனைவி இறந்தாள் என்று எழுதினான். அவள் பெயரை எழுதவில்லை. அவள் தப்பித்து வயோமிங்கில் நெடுநாள் வாழ்ந்து 1884-இல்தான் இறந்தாள் என்று அங்குள்ள ஷோஷோனி மக்களில் பலர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டில் எது சரி என்று சண்டை இன்னும் நடக்கிறது. பெயரை எழுதியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

அவளுடைய லெம்ஹி மக்களுக்கு என்ன நடந்தது? 1875-இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய சிறு நிலத்தையும் விட்டு, 1907-இல் ஏறத்தாழ 200 மைல் தள்ளி ஃபோர்ட் ஹால் என்ற இடத்துக்குக் குடிபெயர்த்தார்கள். 1905-இல் போர்ட்லாந்து நகரில் அவளுக்குச் சிலை. அடுத்த இரண்டே ஆண்டில் அவள் இனத்தாருக்கு வெளியேற்றம்! அவள் முகத்தை நாணயத்தில் அச்சடித்தவர்கள், அவள் பிறந்த பள்ளத்தாக்கை அவள் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நம் தோட்டத்துக் கணக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

கோலசிலாங்கூர் பகுதியில் முதலில் காப்பித் தோட்டங்கள், பிறகு இரப்பர், பிறகு செம்பனை. சஞ்சியிலும் கங்காணியிலும் நம் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். தான் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. பெண்ணின் தலைக்கும் காசு உண்டு. அந்தக் காசு அவளுக்கில்லை! ஷார்பனோவின் சம்பளத்துக்கும் கங்காணியின் தலைக்காசுக்கும் என்ன வித்தியாசம்?

1920-களின் இறுதியில் பல மாவட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று காலனி அரசே நிர்ணயித்தது. அதே பிரட்டு, அதே நிரை, அதே உளி, அதே மழை, அதே அட்டை. பத்துக் காசு மட்டும் குறைவு. அந்தப் பத்துக் காசை எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் பெண்களிடமிருந்து பிடித்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள். மலாயா இரப்பரின் இலாபத்தில் அது எவ்வளவு இருக்கும்?

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பவை அதன் கோரிக்கைகள் என்று சொல்வார்கள். எங்கள் பெண்களிடம் துரைமாரும் தோட்டத்து அதிகாரிகளும் தகாதபடி நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. இதை எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். தொழிலாளர்கள் செத்தார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஆண்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. லயத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளை உயிரோடு வைத்தவர்கள் யார்? 1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை தொடங்கியபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தப் போன பெண்கள் யார்? கேப்டன் லட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும். தெரிய வேண்டிய பெயர்தான். அவருக்குப் பின்னால் அணிவகுத்த தோட்டத்துப் பெண்களில் பத்துப் பேரின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா?

சுதந்திரத்துக்குப் பிறகு மாறியதா? செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களிடம் கொடுத்தார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நகத்தையும் தோலையும் கண்ணையும் தின்றது. 2002-இல் தெனாகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தவள் யார் வீட்டுப் பெண்?

முதுகில் பிள்ளையோடு நடந்தவளுக்கு நாணயமாவது கிடைத்தது. முதுகில் விஷத்தோடு நடந்தவளுக்கு நாம் என்ன கொடுத்தோம்?

பத்திரத்தில் யார் பெயர்?

தோட்டம் விற்கப்படுகிறது. வீட்டுமனையாகிறது, தொழிற்பேட்டையாகிறது. 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க இழப்பீட்டு விதிமுறை, ஐந்து ஆண்டுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்கிறது. முப்பது ஆண்டு பால் வெட்டியவளுக்கு 600 நாள் சம்பளம். அதோடு கணக்கு முடிந்தது. வீடு தர வேண்டும் என்று அந்த விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போனது. மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டில் ஒரே நாளில் 'அத்துமீறிக் குடியிருப்போர்' ஆகிவிடுகிறோம்!

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தைப் பாருங்கள். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. ஆட்சிகள் மாறின, தேர்தல்தோறும் வாக்குறுதிகள் வந்தன. 2020-களில்தான் அரசாங்கம் வீட்டுத் திட்டத்தைக் கையில் எடுத்தது. இருபது ஆண்டு என்பது சின்னக் காலமா? மனு கொடுக்கப் போனபோது நடுவயதில் இருந்தவர்கள் கிழவிகளாகிவிட்டார்கள். அந்த மனுக்களில் கையெழுத்தும் கைநாட்டும் போட்டுவிட்டு, வீட்டைப் பார்க்காமலே கண்மூடியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இங்கே நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. கசக்கும், ஆனாலும் கேட்போம். எந்தத் தோட்டத்து மக்களுக்கானாலும், வீடு கிடைக்கும்போது பத்திரத்தில் யார் பெயரை எழுதுகிறோம்? முப்பது ஆண்டு உழைத்தவள் மனைவி. பெயர் கணவனுடையது மட்டும் என்றால், நாமே அவளுக்கு ஷார்பனோ கணக்கு எழுதுகிறோம். அவன் குடித்து அடகு வைத்தாலும், விட்டுவிட்டுப் போனாலும், அவள் மறுபடி தெருவுக்கு வருவாள். கம்பெனி செய்த அநியாயத்தை நாம் வீட்டுக்குள் தொடரலாமா?

சிலர் சொல்லும் எதிர்வாதம்

"அவள் வெள்ளையனுக்கு உதவியவள்தானே? அவளைப் போய் உதாரணம் காட்டலாமா?" என்று சிலர் கேட்கலாம். சிறைபிடிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிவு ஏது? கடனும் பஞ்சமும் துரத்த, கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறிய நம் பாட்டிக்குத் தெரிவு ஏது? இருவரும் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு, யாரோ போட்ட திட்டத்துக்கு உழைத்தார்கள். குற்றம் திட்டம் போட்டவர்களுடையது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். நாம் வருவதற்கு முன்பே இந்தச் சிலாங்கூர்க் காட்டில் தெமுவான் போன்ற பூர்வக்குடி மக்கள் வாழ்ந்தார்கள். லெம்ஹி மக்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அவர்களுடைய நில உரிமைக்கும் நம் வீட்டு உரிமைக்கும் பகையில்லை. இருவரையும் வெளியேற்றுவது ஒரே மேம்பாட்டுத் திட்டம்தான். அவர்கள் குரல் கொடுக்கும்போது நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"பழைய கதை பேசி என்ன பயன்?" என்பாரும் உண்டு. பழைய கணக்கு தீராமல் இருப்பதால்தான் பேசுகிறோம். கடன்காரனுக்குத்தான் பழைய கதை பிடிக்காது!

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: வீட்டில் மூத்த தாய்மார் இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அவர்கள் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம், டிவிஷன், செய்த வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, தொழிற்சங்க அட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள். நாளை உரிமை கேட்கும்போது இவைதான் பேசும்.

இரண்டு: திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் தாயின் நிலையை வைத்தே பார்க்கிறார்கள். தாயிடம் சிவப்பு அடையாள அட்டையோ, தாளே இல்லாத நிலையோ இருந்தால், பிள்ளையும் நாடற்றவனாகும் ஆபத்து உண்டு. ஒரு தலைமுறையின் தாள் இல்லாமை அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடத்தை மறிக்கிறது.

மூன்று: தோட்ட மக்களுக்கான எந்த வீட்டுத் திட்டமானாலும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். தனித்து வாழும் தாய்மாரும் கைம்பெண்களும் பட்டியலில் விடுபடாமல் பாருங்கள். பட்டியலைத் தலைவர் வீட்டு அலமாரியில் வைக்காமல், எல்லோரும் படிக்கும்படி கோயில் மண்டபத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

நான்கு: தோட்டம் விற்கப்படும்போது தொழிலாளிக்கு மாற்று வீடு தருவதைச் சட்டப்படி கட்டாயமாக்கக் கோருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, அரிசி மூட்டையை வாங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குங்கள்.

தாய்மாரே! உங்களைப் புகழ ஆள் நிறைய உண்டு. மகளிர் தினத்தில் மாலை போடுவார்கள், மேடையில் சேலை கொடுப்பார்கள், தியாகத் திருவுருவம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டே, என் பெயரில் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். கேட்டதால்தான் சகாகவியா அந்தக் கடலைப் பார்த்தாள். கூலியை அவளுக்காகக் கேட்க அன்று யாருமில்லை. உங்களுக்காகக் கேட்க நாம் இருக்கிறோம்.

சிந்திப்போம்! ஒன்றுபடுவோம்! உரிமையை எழுத்தில் வாங்குவோம்!